நாலு துளைக்கு ஒரு யந்திரம்

ஜன்னலுக்குத் திரை மாட்ட வேண்டும்; ஆசாரியோ பத்து நாளாக "நாளைக்கு வருகிறேன்" என்கிறார். "பாட்டரியில் ஓடும் டிரில் ஒன்றை நாமே வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்கும் சகோதரிகள் இப்போது அதிகம். தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்காரர், "அது 18 வோல்ட், இது 20 வோல்ட்" என்று விலையை ஏற்றினால் மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான்! உள்ளே இருப்பவை 5 லிதியம் செல்கள்; சார்ஜ் ஏற்றியவுடன் 20, வேலையின்போது சராசரியாக 18. அவ்வளவே.

முதலில் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். மரத்துக்கும் திருகாணிக்கும் 12 வோல்ட் போதும், கையும் வலிக்காது. செங்கல் சுவர் என்றால் 'ஹாமர்' வசதி அவசியம். திரைக்கம்பி மாட்டும் இடத்தில் இருப்பதோ கான்கிரீட் லிண்டல். அங்கே அதுவும் திணறும். ரோட்டரி ஹாமர் வைத்திருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும்.

தினமும் இதே தொழிலாக இருப்பவருக்கு இரண்டு பாட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் தேவை. மாதம் நாலு துளை போடும் நமக்கு எதற்கு அந்தச் செலவு?

சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள். ஒயர் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.