சீட்டுக்கு அடியில் ஒரு 'விர்ர்ர்...'

இந்த வாரம் உங்களுக்கு ஒரு கேஸ். துப்பறியத் தயாரா?

குற்றவாளி கண்ணுக்குத் தெரியமாட்டான். எழுபது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் பரம சாது. எண்பதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் 'விர்ர்ர்' என்று ஆரம்பிப்பான். தொண்ணூறில் உச்சம். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி ரெண்டு வண்டியாகத் தெரியும். மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் கப்சிப். 'நல்லாத்தானே இருக்கு?' என்று அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

சம்பவம் நடக்கிற இடம் அமெரிக்கா. அங்கே 'டிரக்' என்றால் நம்ம ஊர் லாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பிக்கப், ஜீப் எல்லாமே அவர்களுக்கு டிரக்தான். அதை நாலு அங்குலம், ஆறு அங்குலம் தூக்கிக் கட்டி, பெரிய டயர் மாட்டி, யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளில் ஏற்றுவது அங்கே ஒரு தனி மதம் மாதிரி. 1967-லிருந்து அந்த ஊரில் ஈஸ்டர் சமயத்தில் ஜீப் திருவிழாவே நடக்கிறது என்றால் பாருங்களேன். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பார்ட் டைம் வேலைக் காசில் லிஃப்ட் கிட் மாட்டுகிற காலேஜ் பசங்களும் இதில் உண்டு. மாட்டி முடித்து, ஹைவேயில் ஏறிய முதல் நாளே இந்த 'விர்ர்ர்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம்ம கேஸில் சிக்கியிருப்பது ஜீப் ரேங்ளர் டிஜே. 1997 முதல் 2006 வரை வந்த மாடல். இந்த வண்டியைத்தான் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

பதறினால் பர்ஸ் காலி

அதிர்வு வந்ததும் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வார்கள்? யாரோ 'டயராத்தான் இருக்கும்' என்பார். டயர் மாற்றுவார்கள். போகாது. 'ஷாக் அப்சார்பர்' என்பார் இன்னொருவர். அதையும் மாற்றுவார்கள். அப்புறம் என்ஜின் மவுன்ட், பேரிங்... கடைசியில் வண்டி விலைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கியிருப்பார்கள். 'விர்ர்ர்' மட்டும் அப்படியே இருக்கும்.

சரி, பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது பாஸ். அந்த அதிர்வு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எதையோ தின்றுகொண்டிருக்கிறது. முதலில் ஆயில் சீல் கசியும். அடுத்து பேரிங் போகும். கடைசியில் ஷாஃப்டைப் பிடித்திருக்கிற கிராஸ் உடைந்தால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் இரும்புக் குழாய் ஒரு முனை விடுபட்டு அடித்தளத்தை அடிக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பது நீங்களும் உங்கள் நண்பர்களும்.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நாலு கேள்வி.

க்ளூ 1: யாரோடு சேர்ந்து ஆடுகிறது?

ஆளில்லாத நேரான ரோடு. தொண்ணூறில் 'விர்ர்ர்' வருகிறது. அதே வேகத்தில் கியரை மட்டும் ஒன்று குறையுங்கள். என்ஜின் சுற்று ஏறும், வண்டி வேகம் மாறாது. அதிர்வு மாறினால் என்ஜின், கிளட்ச் பக்கம் தேடுங்கள். மாறவில்லையா? நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள் (சாவியை மட்டும் அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்!). அப்பவும் இருந்தால் என்ஜின் நிரபராதி. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோணத்தில் தகராறு என்பதற்கு அது ஒரு அடையாளம்.

க்ளூ 2: எந்த ஸ்பீடில் துடிக்கிறது?

இங்கேதான் உங்கள் பிளஸ் டூ கணக்கு வேலைக்கு வருகிறது. 33 அங்குல டயர், 90 கிலோமீட்டர் வேகம். டயர் நொடிக்கு சுமார் ஒன்பதரை தடவை சுற்றும். பின் ஆக்ஸில் ரேஷியோ 3.73 என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு சுமார் 35 சுற்று. அந்த ஷாஃப்டில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை உதறும். ஆக, சுமார் 70.

டயர் என்றால் ஒன்பது, பத்து துடிப்பு. அது 'தட தட' என்று குலுக்கல். ஸ்டீயரிங் ஆடினால் முன் டயர், சீட் ஆடினால் பின் டயர். ஷாஃப்ட் பேலன்ஸ் கெட்டிருந்தால் 35. கிராஸின் கோணம் கெட்டிருந்தால் 70. அது குலுக்கல் இல்லை, ரீங்காரம். இப்போது போனிலேயே அதிர்வை அளக்கும் ஆப் கிடைக்கிறது. சீட் அடியில் வைத்துப் பார்த்தால் எண்ணே சொல்லிவிடும். நம்ம கேஸில் 70 பக்கம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயர்க்கடைக்காரருக்கு டாட்டா!

க்ளூ 3: கிராஸ் ஏன் உதறுகிறது?

மெக்கானிக்கல் மாணவர்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. ஆமாம், கைனமேட்டிக்ஸ் பேப்பரில் வந்த அதே 'ஹூக்ஸ் ஜாயின்ட்'தான். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோ பெயரும், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரரான ராபர்ட் ஹூக் பெயரும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்ற டிபார்ட்மென்ட் ஆட்கள் ஒரு லாரிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். நடுவில் நீளமாக ஓடும் குழாயின் முனையில் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு. அதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். கிராஸ் நேராக இருக்கிறவரை உள்ளே போகிற வேகமும் வெளியே வருகிற வேகமும் ஒன்று. சாய்ந்துவிட்டால், உள்ளே சீரான வேகம் போனாலும் வெளியே ஏறி இறங்கித்தான் வரும். 15 டிகிரி சாய்வில் 2000 ஆர்.பி.எம். உள்ளே போனால், வெளியே ஒவ்வொரு அரைச் சுற்றிலும் 1932-க்கு இறங்கி 2071-க்கு ஏறும். 4 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் கால் சதவீதம்கூட இல்லை. சாய்வு கூடக் கூட உதறல் வேகமாகக் கூடும்.

அப்போ எல்லா வண்டியும் உதறணுமே? அதற்குத்தான் ஷாஃப்டின் மறு முனையில் இன்னொரு கிராஸ். முதல் கிராஸ் கெடுத்ததை ரெண்டாவது கிராஸ் சரி செய்துவிடும். கண்டிஷன் ரெண்டே ரெண்டு. ரெண்டு பக்கமும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் ரெண்டு முனைக் கவட்டைகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றித் திரும்பப் போடும்போது ஒரு பல் தள்ளி மாட்டினால் போச்சு. அதனால்தான் அனுபவசாலிகள் கழற்றும் முன்பே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார்கள்.

இப்போது டிஜே ஏன் என்று சொல்கிறேன். இந்த வண்டியே குட்டை. சக்கரத்துக்குச் சக்கரம் 93.4 அங்குலம்தான். அதில் என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் போக, பின் ஷாஃப்டுக்கு மிச்சம் கொஞ்சூண்டு இடம். ஒரு கணக்குக்கு 20 அங்குல ஷாஃப்ட் என்று வையுங்கள். வண்டியை 4 அங்குலம் தூக்கினால் சாய்வு சுமார் 11 டிகிரி கூடிவிடும். அதுவே 60 அங்குல ஷாஃப்ட் இருக்கும் நீளமான பிக்கப் என்றால் 4 டிகிரிகூட கூடாது. ஒரே லிஃப்ட் கிட், ஒரு வண்டிக்கு அமிர்தம், இன்னொரு வண்டிக்கு விஷம்!

க்ளூ 4: அளந்தாயா, ஊகித்தாயா?

கோணம் பார்க்கும் கருவி ஒன்று போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனை, ஷாஃப்ட், ஆக்ஸில் பினியன்... மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். சக்கரம் தரையில், வண்டி எடை சக்கரத்தின் மேல். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தால் வருவது பொய்க் கணக்கு. அடியில் படுக்கும் முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்காதீர்கள்.

அளந்தாச்சு. ரெண்டு பக்கமும் கோணம் சமம். கிராஸ் புதுசு. ஆனாலும் 'விர்ர்ர்' போகவில்லை!

பலர் ஸ்பேனரைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் யோசியுங்கள். ரெண்டாவது கிராஸ் சரி செய்வது ஆக்ஸிலுக்குப் போகும் வேகத்தை மட்டும்தானே? நடுவில் இருக்கும் ஷாஃப்ட்? அது நொடிக்கு எழுபது தடவை வேகம் கூடி, குறைந்து, திண்டாடிக்கொண்டேதான் இருக்கிறது. கனமான இரும்பு. சாய்வு சின்னதாக இருந்தால் தெரியாது. 15 டிகிரியில் அந்தத் திண்டாட்டமே அதிர்வு. புக்கில் 'சமமாக இருந்தால் சரி' என்று படித்துவிட்டு மார்க் வாங்கலாம். வண்டி கேட்காது.

இதற்கு ரெண்டு வைத்தியம். சீப்பான வைத்தியம், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு அங்குலம் கட்டை கொடுத்து இறக்குவது. சாய்வு கொஞ்சம் குறையும். ஆனால் பாறை தட்டக்கூடாது என்றுதானே வண்டியைத் தூக்கினோம்? அந்த உயரத்தில் ஒரு அங்குலம் கோவிந்தா.

காஸ்ட்லி வைத்தியம், டிரான்ஸ்ஃபர் கேஸின் நீண்ட பின்முனையைக் கழற்றிக் குட்டையான முனை மாட்டுவது. ஷாஃப்ட் நீளமாகும், சாய்வு குறையும். கூடவே ஒரே இடத்தில் ரெண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கிற 'டபுள் கார்டன்' ஷாஃப்ட். தவறையும் திருத்தத்தையும் அந்த ஒரே இடத்தில் முடித்துவிடுவதால் ஷாஃப்ட் சீராகச் சுழலும். ஆனால் மறு முனையில் ஒற்றை கிராஸ்தான். அதற்குத் துணை கிடையாது. எனவே பினியன் மூக்கு நேராக ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மூக்கு கொஞ்சம் மேலே தூக்கும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பார்கள். பழைய விதியான 'ரெண்டு பக்கமும் சமம்' இங்கே செல்லாது. புது ஷாஃப்டை மாட்டிவிட்டுப் பழைய விதியில் செட் செய்தால், செலவு செய்தும் பல்பு!

கடைசி ட்விஸ்ட்

பின்னால் எல்லாம் பக்கா. ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் முழுசாகப் போகவில்லை. ஏன்?

குற்றவாளி ரெண்டு பேர். டிஜேயில் முன் ஷாஃப்டைத் துண்டிக்கும் வசதி இல்லை. டூ வீல் டிரைவில் போனாலும் அது சும்மா சுழன்றுகொண்டேதான் இருக்கும். வேலை செய்யாதவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது இல்லையா? டெஸ்ட் சுலபம். முன் ஷாஃப்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டூ வீல் டிரைவில் ஒரு ரவுண்ட். 'விர்ர்ர்' போயே போச்சு என்றால் ஆள் மாட்டிக்கொண்டான். (ஒரிஜினல் பின் ஷாஃப்டை இப்படிக் கழற்றி ஓட்ட நினைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் ரோட்டில் கொட்டும்.)

முன்பக்கம் இன்னும் சிக்கல். பினியன் மூக்கைத் தூக்க ஆக்ஸிலைத் திருப்பினால் காஸ்டர் கோணம் குறையும். வண்டி ஹைவேயில் அலைபாயும். காஸ்டரைக் கூட்டினால் மூக்கு இறங்கி மறுபடி 'விர்ர்ர்'. ரெண்டும் முழுசாகக் கிடைக்காது. வண்டி நேராக ஓடுவதற்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சமாதானம் பேச வேண்டியதுதான்.

நம்ம ஊரிலும் தார், ஜிப்ஸியைத் தூக்கிக் கட்டும் ஆசை சிலருக்கு இப்போதே முளைத்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. காசு போனால் சம்பாதிக்கலாம், ஆர்.சி. போனால் கஷ்டம்.

ஆனால் கேஸை முடித்த விதத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பைக் செயின் சத்தமோ, ஹாஸ்டல் மோட்டார் உறுமலோ, கேள்விகள் இதேதான். எதோடு சேர்ந்து மாறுகிறது? நொடிக்கு எத்தனை தடவை? எதைக் கழற்றினால் நிற்கிறது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். சத்தம் பாதி குறைந்தால், 'தப்பான ஆளைப் பிடித்துவிட்டோமோ' என்று குழம்ப வேண்டாம். இன்னொருத்தன் வெளியே இருக்கிறான். தேடுங்கள்!