பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். எழுபதே நாளில், அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. இடம் கர்நாடகம், கருகியவர்களில் பெரும்பாலோர் தீபாவளி வேலைக்குப் போன நம் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள். இன்றும் நெஞ்சு ஆறவில்லை. அப்படியொரு தீ மீண்டும் பிடித்தால் நம் மருத்துவமனைகள் தயாரா?

60 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் 40 சதவீதம் வெந்துவிட்டால், வழக்கமான கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதி, தீப்பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள். அப்படிப் பத்துப் பேர் வந்தால் அரை லிட்டர் பாட்டில்கள் மட்டுமே 192 வேண்டும். மூச்சுக்குழாய் வெந்தவருக்கு, வீக்கம் அடைக்கும் முன்பே குழாய் பொருத்தியாக வேண்டும். இதையெல்லாம் அன்றைக்கு யோசித்துக்கொண்டிருக்க முடியுமா?

கிருஷ்ணகிரி, பெங்களூரு நகர மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேச வேண்டும். எந்த மருத்துவமனை எத்தனை பேரை ஏற்கும், இரு மாநில 108 வண்டிகளை யார் அனுப்புவது என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். சிப்காட் ஆலைகளையும் சேர்த்து, வரும் தீபாவளிக்கு முன்பே ஓர் ஒத்திகை நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஓசூர்