வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் மேசை

தரையில் போட்டுப் பற்றவைத்த கேட்டில் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கார் ஆலைகளில் பாகங்களை ஜிக்கில் இறுக்கிய பிறகே வெல்டிங் தொடங்குகிறது. ஷிஃப்ட் முடிந்து மணிமங்கலத்திலோ பக்கத்து ஊர்களிலோ வீட்டுக் கொல்லையில் சொந்த வேலை பார்ப்பவருக்கு அந்த ஜிக்காக இருக்கவேண்டியது மேசைதான்.

1,200 × 600 மி.மீ. அளவில் 10 மி.மீ. எம்.எஸ். தகடு சுமார் 56 கிலோ எடை வரும். கிரில், கேட், ஸ்டாண்டு வேலைகளுக்கு இது தாராளம். 6 மி.மீ. தகடு 34 கிலோதான்; ஆனால் சூட்டில் எளிதில் வளைந்துவிடும். காயலான் கடையில் எடுப்பதில் தவறில்லை. நேரான பட்டை ஒன்றைத் தகட்டின் மேல் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம்.

சட்டத்துக்கு 50 × 50 × 3 மி.மீ. சதுரக் குழாய் போதும். வெளி அளவு 1,100 × 500 என்று வைத்தால் சுற்றிலும் 50 மி.மீ. தகடு நீட்டி நிற்கும். கிளாம்ப் பிடிக்க அந்த விளிம்பு அவசியம். நான்கு மூலையிலும் டாக் மட்டும் வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 1,208 வரவேண்டும். வராவிட்டால் நீளமான மூலைவிட்டத்தின் முனையைத் தட்டிச் சரிசெய்த பிறகே முழு வெல்டிங். அப்போதும் ஒரு மூலை முடிந்தால் அடுத்தது அதற்கு எதிர்மூலை.

மேல்தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில்தான் பழகிய கைகளும் தவறுகின்றன. உறுதிக்காகச் சுற்றிலும் ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டிவிடுகிறார்கள். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 1.2 மி.மீ. நீள்கிறது. பற்றவைத்த இடமோ உருகும் அளவுக்குச் சூடேறுகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை நீளவிடாமல் நெருக்குகிறது. ஆறும்போது அது முன்னைவிடக் குறுகித் தகட்டை இழுக்கிறது. பார்த்துப் பார்த்து எடுத்த தகடு தட்டுபோல் வளைவது அப்போதுதான். பற்றவைத்தே ஆகவேண்டுமென்றால் 150 மி.மீ.க்கு ஒரு முறை 25 மி.மீ. நீளம், அதுவும் இடம் மாற்றி மாற்றி. சட்டத்தில் காது வைத்து, தகட்டின் அடியில் டேப்பால் மரை வெட்டி எம்8 போல்ட்டால் இறுக்குவது அதைவிட மேல். பின்னாளில் பள்ளம் தெரிந்தால் மெல்லிய தகட்டுத் துண்டு செருகி நிமிர்த்திக்கொள்ளலாம்.

உயரம் 850 முதல் 900 மி.மீ. கால்களின் அடியில் நட் பற்றவைத்து எம்16 போல்ட் திருகினால், ரசமட்டம் வைத்துச் சமன்படுத்தலாம். காலுக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று ஜிஐ குழாய் எடுத்தால் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

பெயிண்ட் சட்டத்துக்கு மட்டும். மேல்தகட்டில் எண்ணெய் பூசினால் போதும். பட்டறையில் 'எர்த்' என்று சொல்லும் கேபிளை மாட்டுவது அதில்தான்; மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் அந்த வழியைப் பெயிண்ட் தடுக்கும். வீட்டு எர்த் வேறு. பிளக்கில் அது சரியாக இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரமாக இருக்கும்போது, ராடு பற்றாத நேரத்தில் மெஷின் தரும் 60, 80 வோல்ட்டே ஆளைச் சாய்க்கும். காலடியில் ரப்பர் விரிப்பும் கையில் உலர்ந்த கையுறையும் இல்லாமல் அந்த மாதங்களில் ராடைத் தொடவேண்டாம்.