மாதம் ஆயிரமும் ஐந்து வட்டியும்

வடசென்னையில் உள்ள வியாசர்பாடியில் இன்று ஏரும் இல்லை, களத்துமேடும் இல்லை. துறைமுக வேலை, ஆலை வேலை, கட்டட வேலை என்று கூலிக்குப் போகிறவர்கள் நெருங்கி வாழும் பகுதி அது. ஆனால் அங்குள்ள பல குடும்பங்களின் வேர் திருவள்ளூர், செங்கற்பட்டு, பழைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிப் போனவர்கள் அவர்கள். பக்கத்தில் பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை கிடைத்தவர்கள், 1996-இல் அது மூடப்படும் வரை, சம்பளம் வாங்கியதும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். அந்தப் பணம் விதையாயிற்று, மாட்டுக்குத் தீவனமாயிற்று, மளிகைக் கடைப் பாக்கியும் அதில்தான் தீர்ந்தது.

மணியார்டருக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. அது எந்த வாரம் வரும் என்பது வீட்டாருக்குத் தெரியும். யார் பெயருக்கு வந்ததோ அவர் கையில்தான் தபால்காரர் கொடுப்பார். இன்று அரசே குடும்பங்களின் கணக்கில் நேரடியாகப் பணம் செலுத்துகிறது. இந்த உதவியின் நன்மை தீமைகளை எடைபோடும்போது தொகையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த நாளில் வருகிறது, யார் பெயரில் வருகிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு திட்டங்கள்

2019 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமர் கிசான் திட்டத்தைத் தொடங்கியது. நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2000 ரூபாயாக வழங்குவது என்பது ஏற்பாடு. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்கிலேயே சேர்ந்தது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதைப் பெற்றனர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள் இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகளில் சில. ஆகவே சிறு விவசாயி வீட்டுப் பெண்ணும், நிலமே இல்லாத கூலி வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்க முடிந்தது.

வட்டிக் கணக்கு

ஒரு சிறு விவசாயி நடவு நேரத்தில் 8000 ரூபாய் கைமாற்று வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். வட்டி நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். ஐந்து மாதம் கழித்து அறுவடையில் அடைத்தால், வட்டி மட்டும் 2000 ரூபாய். அதாவது, கிசான் திட்டத்தின் ஒரு தவணை முழுவதும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அரசு கொடுத்ததாகக் கணக்கில் இருக்கும்; விவசாயி கையில் ஒன்றும் இராது.

பணம் குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. தவணை வரும் நாள் விதைப்பையோ நடவையோ ஒட்டி அமைவதில்லை. குறுவைக்கு உழும்போது வர வேண்டிய பணம் களையெடுப்பு முடிந்து வந்தால் யாருக்குப் பயன்? மாதந்தோறும் குறித்த நாளில் வரும் ஆயிரம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அதில் பாதியை, 500 ரூபாயை, அறுவடையிலிருந்து அடுத்த நடவு வரை ஆறு மாதம் மகளிர் குழுவில் சேமித்தால் 3000 ரூபாய் சேரும். கடன் 8000 என்பது 5000 ஆகக் குறையும். வட்டியில் 750 ரூபாய் மிஞ்சும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தப்பாமல் கட்டுவோருக்கு இந்தத் தொல்லையும் இல்லை. பாதிப் பணத்தை ஒதுக்க முடியாத வீடுகள் உண்டு. அரிசிக்கும் மருந்துக்குமே ஆயிரமும் போய்விடும். அவ்வீடுகளிலும் கடைக்காரரிடம் கடன் சொல்லும் நாட்கள் குறைகின்றன. அதுவும் வரவுதான்.

ஆள் கிடைக்கவில்லையா?

இலவசப் பணம் வந்ததால் நடவுக்கும் களைக்கும் ஆள் வருவதில்லை என்று விவசாயிகள் பலர் குறைப்படுகிறார்கள். ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 33 ரூபாய். இதை நம்பி யாரும் கூலியை விட்டுவிட முடியாது. நகரில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் வேலையும், பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்விட்ட பிள்ளைகளும் இதைவிடப் பெரிய காரணங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் 2011-12-இல் சேவா அமைப்பு, யுனிசெப் உதவியுடன், சில கிராமங்களில் எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லாருக்கும் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவருக்கு முதலில் 200, பிறகு 300 ரூபாய். குழந்தைக்கு அதில் பாதி. மக்கள் சோம்பிப் போகவில்லை. குடிக்குப் போகும் செலவும் கூடவில்லை. ஆடு மாடு பெருகியது. விதைக்கும் உரத்துக்கும் செலவழித்தார்கள். கூலிக்குப் போனவர்களில் சிலர் தங்கள் சொந்த நிலத்தில் கூடுதல் நேரம் பாடுபட்டார்கள். ஆள் வைத்துச் செய்பவருக்கு இது சிரமம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தரிசாய்க் கிடந்த அரை ஏக்கரில் ஒருவர் ஏர் பூட்டினால், அதைச் சோம்பல் என்று சொல்லலாகாது.

பட்டியலில் விடுபட்டவர்கள்

பெரிய குறை பட்டியலில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியும் தண்ணீரில் மிதந்தது. அரசு 6000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாக ரொக்கமாகவே கொடுத்தது. அவசரத்துக்கு அதுவே சரியான வழி. ஆனால் அங்கு அட்டை இருந்தவர் டோக்கன் பெற்று வாங்கிக்கொள்ள, அட்டை இல்லாதவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊரில் அட்டையை வைத்துவிட்டு, வாடகை வீட்டில் குடியிருந்து பிழைப்பவர்களின் நிலை இதுதான். நனைந்தது அவர்கள் வீடு. அட்டை இருந்ததோ வேறிடத்தில்.

கிராமத்தில் குத்தகைக்கு உழுபவரின் கதையும் இதுவே. பாடுபடுவது ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில். கிசான் பணம் பட்டாவைப் பார்த்தே வருகிறது. வெளியூரில் குடியேறிவிட்ட நிலச் சொந்தக்காரர் கணக்கில் அது சேரும். சேற்றில் இறங்கியவருக்கு இல்லை. பட்டியலைச் சரிபாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2020-இல் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில், தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிசான் பட்டியலில் நுழைந்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது கண்டுபிடிக்கப்பட்டது. உழாதவர் உள்ளே போக, உழுதவர் வெளியே நின்றார்.

வழி இல்லாமல் இல்லை. ஒடிசா அரசு 2019 ஜனவரியில் காலியா திட்டத்தில் பணம் கொடுக்கத் தொடங்கியபோது குத்தகைதாரரையும், நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. தமிழகத்தில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நிலம் பறிபோகுமோ என்று சொந்தக்காரரும், குத்தகை போய்விடுமோ என்று உழுபவரும் அஞ்சுவதால் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே காரியம் நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பருவந்தோறும் அடங்கலில் பயிரை எழுதும்போது, உரிமைக்குப் பங்கம் வராதபடி, உழுபவர் பெயரையும் தனியாகக் குறிக்கும் ஏற்பாடு வேண்டும். பணம் அந்தப் பெயருக்குப் போக வேண்டும்.

அரிசிக்குப் பதில் அல்ல

பணம் கொடுத்தாயிற்று, இனி ரேஷனும் கொள்முதலும் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. புதுச்சேரியில் 2015-இல் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் தரும் முறை தொடங்கியது. விலை ஏறும்போது பணம் அரிசியாவதில்லை என்பதை மக்கள் பட்டு அறிந்தார்கள். 2024-இல் அங்கே ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. நெல்லுக்கு விலை கிடைக்காத ஆண்டில், மாதம் ஆயிரம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

விவசாயக் குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவையும் உண்டு. 2023-இல் உரிமைத் தொகை வந்தவுடன், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் பிடித்தம் செய்ததாகப் புகார் எழுந்து, பிடிக்கக் கூடாது என்று அரசு எச்சரிக்க நேர்ந்தது. ஆகவே இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்வது நல்லது. பாஸ் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அந்த அம்மாளிடமே இருக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டே. விதைப்புக்கு முன் பணம் வரட்டும். உழுபவர் பெயருக்கு வரட்டும். இவ்விரண்டும் நடந்தால், தொகை சிறியதானாலும் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பவர்கள் எண்ணிக்கை குறையும். வியாசர்பாடிக்கு மூட்டை கட்டும் குடும்பங்களில் சிலவாவது ஊரிலேயே தங்கும்.