போர் பெற்ற பிள்ளையா?

போரே புத்தாக்கங்களின் தாய் என்பார் உளர். முதலாம் உலக மகாயுத்தத்தில் பிரெஞ்சுப் படையின் கனரகப் பீரங்கிகளை இழுத்த இயந்திரங்களை அவர்கள் சான்றாகக் காட்டுவர். நான்கு சில்லுகளும் உந்தும் இவ்வியந்திரங்கள் போரின் பிள்ளைகளாம்! இது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்தும் கூற்றாகும்.

இவ்வியந்திரங்களின் உயிர்நிலை யாது? திசைதிருப்பும் முன்சில்லே வண்டியை உந்தவும் வேண்டும் என்பதாம். திரும்பும் சில்லுக்கு விசையை இடையறாது செலுத்துவதே இதிலுள்ள சிக்கல். 1898 அளவில் மார்செய் நகரத்து ஜோர்ஜ் லத்தில், மூட்டுகள் பொருந்திய அச்சினால் இதற்குத் தீர்வு கண்டார். அன்று அவர் கண்முன் நின்றது பீரங்கியன்று, குதிரைவண்டி. குதிரையை அவிழ்த்து, அதனிடத்தில் இயந்திரம் பூண்ட முன்பகுதியைப் பொருத்துவதே அவர் நோக்கம்.

படைத்துறைக்குப் பங்கில்லையா எனின், உண்டு. லத்திலின் 'டார்' இயந்திரம் பீரங்கிக்கென்றே அமைந்தது. பனாரும் ரெனோவும் அவ்வழியே சென்றன. படையின் பணம் உற்பத்தியைப் பெருக்கியது. ஆயினும் 1914 இற்கு முன்னரே இவற்றின் அடிப்படை உருவாகிவிட்டது. போர் வாங்கியது, ஈனவில்லை. போர் ஓய்ந்தபின் லத்தில் இயந்திரங்கள் காட்டிலே மரம் இழுத்தமையும் நோக்கற்பாலது.

சுமை சுமக்கும் உழைப்பின் தேவையே இப்பொறிகளின் உண்மைத் தாய். அப்பெருமையைப் போருக்குச் சூட்டுவோர், அறிந்தோ அறியாமலோ, அழிவுக்கு நியாயம் கற்பிக்கின்றனர். அதனை நாம் ஏற்றல் தகாது.