வீட்டைக் காப்பதா, பாங்கியைக் காப்பதா?

தவணை கட்ட முடியாமல் போன ஒரு குடும்பத்தின் வீடு ஏலத்துக்கு வருகிறது. அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற சர்க்கார் தலையிட வேண்டுமா, வேண்டாமா? “கடன் வாங்கியவன் கட்டட்டும், கட்டாதவன் தெருவில் நிற்கட்டும், சர்க்காருக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தலையிட்டே தீர வேண்டும் என்கிறோம் நாம். ஆனால் உதவி என்ற பெயர் மட்டும் போதாது. அந்த உதவி யார் கையில் போய்ச் சேருகிறது என்பதுதான் உயிரான விஷயம். அமெரிக்காவில் இந்தக் கேள்வி மூன்று முறை பெரிதாக எழுந்தது. மூன்று முறையும் கிடைத்த விடைகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, 1933. உலகப் பொருளாதார மந்தம் அந்த நாட்டை உலுக்கிய காலம். மில்கள் மூடப்பட்டன, தானியம் விலை போகவில்லை. அன்றைய வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை சில ஆண்டுக் கெடு உள்ளவை. அதுவரை வட்டி கட்டி வந்து, கெடு முடிந்ததும் அசலை மொத்தமாக வைக்க வேண்டும், அல்லது கடனைப் புதுப்பிக்க வேண்டும். பாங்கிகளே திவாலாகிக்கொண்டிருந்தபோது யார் புதுப்பிப்பார்கள்? 1933 தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 வீடுகள் ஜப்தியாயின.

ஜனங்கள் கைகட்டி நிற்கவில்லை. அயோவா, நெப்ராஸ்கா முதலிய மாகாணங்களில் அடமானப் பண்ணை ஏலத்துக்கு வந்தால், சுற்றுவட்டார விவசாயிகள் ஏல இடத்தில் திரண்டார்கள். மாட்டுக்கு ஒரு சில்லறைக் காசு, கலப்பைக்கு ஒரு சில்லறைக் காசு என்று கேட்டார்கள். வெளியாள் எவனும் கூட்டிக் கேட்கத் துணியவில்லை. எடுத்த பொருள்களை அப்படியே சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ‘பென்னி ஏலம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் அயோவாவும் மினசோட்டாவும் ஜப்தியை நிறுத்தி வைக்கும் சட்டங்களை அதே ஆண்டில் இயற்றின. “ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டது” என்று கடன் கொடுத்தவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1934 ஜனவரியில் மினசோட்டா சட்டம் செல்லும் என்று ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

மத்திய சர்க்காரும் அசைந்தது. 1933 ஜூனில் வீட்டுடைமையாளர் கடன் கார்ப்பொரேஷன் பிறந்தது. அதன் முறை எளியது. கடன் பத்திரத்தைப் பாங்கியிடமிருந்து சர்க்காரே வாங்கிக்கொண்டது. 5 சதவிகித வட்டியில், 15 ஆண்டுத் தவணையில் குடும்பத்துக்குப் புதுக்கடனாக மாற்றித் தந்தது. சுமார் 10 லட்சம் வீடுகள் இப்படி வந்தன. அவற்றிலும் ஐந்தில் ஒன்று கடைசியில் கைவிட்டுப் போனது உண்மை, மற்றவை நின்றன. சர்க்கார் கஜானா காலியாயிற்றா? இல்லை. 1951-ல் கணக்கை முடித்தபோது கார்ப்பொரேஷன் கையில் சிறு உபரியே இருந்தது. ஒரு களங்கத்தையும் மறைக்கக் கூடாது. நகரங்களுக்கு அது வரைந்த வரைபடங்களில் கறுப்பின மக்களின் வட்டாரங்கள் சிவப்பு மையால் ‘அபாயம்’ என்று குறிக்கப்பட்டன.

இரண்டாவது, 2008. கடன் விற்கும் தரகனுக்குக் கமிஷன். பாங்கிக்கு அந்தக் கடன்களை மூட்டை கட்டி விற்பதில் லாபம். எனவே வருமானத்தைக்கூடச் சரிபார்க்காமல் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் குறைந்த வட்டி, பிறகு திடீர் ஏற்றம் என்ற பொறியோடு லட்சக்கணக்கான கடன்களை விற்றார்கள். வீட்டு விலை சரிந்ததும் பொறி மூடிக்கொண்டது. சர்க்கார் ஓடோடி வந்தது, யாரைக் காக்க? 2008 அக்டோபரில் நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் நிறைவேறியது. ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் மொத்தத்தில் 18,000 கோடி டாலருக்கு மேல் உதவி ஒதுக்கப்பட்டது. 2009 மார்ச்சில் அதே கம்பெனி சுமார் 16.5 கோடி டாலரை போனஸாகப் பங்கிட்டது ஊரறிந்த கதை.

வீடு இழப்பவர்களுக்கு? 2009 பிப்ரவரியில் 7,500 கோடி டாலர் திட்டம் அறிவித்தார்கள். 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் காக்கப்படும் என்றார்கள். ஆனால் தவணையைக் குறைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தவணை வசூலிக்கும் கம்பெனிகளிடமே விட்டார்கள்! கடன் கெட்டால் அபராதமும் கட்டணமும் பார்க்கும் கம்பெனிகள் அவை. காகிதம் தொலைந்தது என்றார்கள். மறுபடி அனுப்பு என்றார்கள். மூன்று மாதப் பரீட்சைத் தவணையைப் பல மாதம் இழுத்து, கடைசியில் ‘இல்லை’ என்று சொல்லிப் பாக்கியை மொத்தமாகக் கேட்டார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 2016 இறுதியில் புது விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டபோது, நிரந்தரமாகத் தவணை குறைந்த குடும்பங்கள் 20 லட்சத்தை எட்டவில்லை. 2010 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 28 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஜப்தி நடவடிக்கை வந்தது. கணக்கையே பார்க்காமல் ஆயிரக்கணக்கான பிரமாணப் பத்திரங்களில் பாங்கி ஆட்கள் கையெழுத்திட்ட மோசடியும் அந்த ஆண்டே அம்பலமாயிற்று.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்நாட்டு திவால் சட்டப்படி, பணக்காரனின் உல்லாச வீட்டின் மேலுள்ள கடனை நீதிபதி குறைக்கலாம். உழைப்பாளி குடியிருக்கும் ஒரே வீட்டின் கடனைக் குறைக்கக் கூடாது! இதை மாற்றக் கொண்டுவந்த திருத்தம் 2009 ஏப்ரல் 30-ல் செனட்டில் தோற்கடிக்கப்பட்டது. இதுவா நியாயம்?

“ஒழுங்காகக் கட்டுகிறவனின் வரிப்பணத்தில் ஊதாரியின் வீட்டைக் காப்பதா?” 2009 பிப்ரவரியில் சிகாகோ சந்தையில் நின்றுகொண்டு ஒரு தொலைக்காட்சி விமர்சகர் இப்படிக் கொதித்தார். கேள்வி உழைப்பாளியின் மனத்திலும் எழக்கூடியதுதான். ஆகவே பதில் சொல்கிறோம். லாபம் பார்க்க நாலு வீடு வாங்கிப் போட்டவனுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம், நாமும் கேட்கவில்லை. ஆனால் 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவிகிதத்தைத் தொட்டது. ஆலை மூடியதால் கூலி இழந்தவன் ஊதாரியா? தெருவில் நாலு வீடு பூட்டிக் கிடந்தால் ஐந்தாவது வீட்டின் விலையும் விழுகிறது. நகரசபையின் வரி வரவும் குறைகிறது. ஒழுங்காகக் கட்டியவனும் சேர்ந்தே நஷ்டப்படுகிறான். அண்டை வீட்டைக் காப்பது அவன் வீட்டையும் காப்பதாகும்.

மூன்றாவது, 2020. கொரோனாத் தொற்று வந்ததும், சர்க்கார் ஆதரவுள்ள வீட்டுக் கடன்களுக்கு 180 நாளும், மேலும் கேட்டால் இன்னொரு 180 நாளும் தவணை நிறுத்தம் தர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தொற்றால் கஷ்டம் என்று சொன்னாலே போதும். ஆதாரக் காகிதம் கேட்கக் கூடாது. அத்தகைய கடன்களின் ஜப்தி 2021 ஜூலை இறுதிவரை நிறுத்தி வைக்கப்பட்டது. 2010-ல் வந்தது போன்ற ஜப்தி வெள்ளம் வரவில்லை. பாங்கி முறையும் இடிந்து விழவில்லை. பாங்கியின் தயவுக்கு விடாமல் உரிமையாகக் கொடுத்தால் உதவி வீடு வந்து சேரும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நம் நாட்டுத் தொழிலாளிக்கும் இதில் பாடம் உண்டு. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாள் தவறி கடன் ‘வாராக்கடன்’ ஆனால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலே பாங்கி வீட்டைக் கைப்பற்றலாம். விவசாய நிலத்துக்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். பாங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

நாம் கேட்பது பிச்சையல்ல. வேலை போன காலத்தில், குடியிருக்கும் ஒரே வீட்டை ஜப்தியிலிருந்து நிறுத்தி வைக்கும் சட்டம் வேண்டும். கூலிக்குத் தக்கபடி தவணையைத் திருத்தும் அதிகாரம், வட்டி வாங்குகிறவன் கையில் இல்லாமல், பொது அமைப்பின் கையில் வேண்டும். அயோவா விவசாயிகள் ஏல இடத்தில் திரண்ட பிறகே சட்டசபைகளின் காது கேட்டது. இதை நாம் மறக்க வேண்டாம். அடுத்த வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டப்படும் நாளில் அவன் தனியாக நிற்கக் கூடாது.