குட்டி ஈனுகிற ஆட்டுக்கு அரைமூட்டை தீவனம் கேட்கிறோம்!

 

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம். அந்தச் சாரல் ஆலங்குளத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் வந்து சேருவதற்குள் வெறும் காத்தாகிப் போகுது. பங்குனி, சித்திரையில் நம்ம ஆடு எதைத் தின்னும்? காஞ்ச சருகையும் கருவேல நெத்தையும்தான். அப்படி வத்தின ஆடு பருவத்துக்கு வராது. வந்தாலும் ஒத்தைக் குட்டி. அந்த ஒத்தைக் குட்டிக்கும் மடியில் பால் இருக்காது.

"உங்க ஆடு நாட்டு ஆடு, அதான் இப்படி" என்று சிலர் பேசுகிறார்கள். இதை நாங்கள் ஒத்துக்க மாட்டோம். நம்ம கன்னி ஆடு இரட்டைக் குட்டிக்குப் பேர் போன இனம். கறுத்த உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு, சங்கரன்கோவில், கோவில்பட்டி கரிசலில் பிறந்தது. குறை இனத்தில் இல்லை, வயித்தில் இருக்கு!

முன்னெல்லாம் மலையடிவாரத்தில் பத்திக்கொண்டு போனோம். இன்று குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி மலைக்காடு நெல்லை வனவிலங்குச் சரணாலயம். கடையம் பக்கம் புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்தது. அதே மாதம் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. நம்ம மலையோ அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. காட்டைக் காப்பாத்துங்க, வேண்டாம்னு சொல்லலை. காடு இல்லைன்னா தீவனத்துக்கு வழி என்ன? அதைச் சொல்ல வேண்டியது யார்?

கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிற வழி இருக்கிறது. கிடா சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்து, சேர்த்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்தால் கருமுட்டை கூடுதலாக இறங்கும், இரட்டைக் குட்டிக்கு வாய்ப்பு கூடும். மெலிந்த ஆட்டுக்குத்தான் இது பலன் தரும். ஏற்கெனவே கொழுத்ததுக்குப் போட்டால் காசு வீண்.

சினை 150 நாள். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை மாதத்தில்தான் ஏறுது. அப்போது ஆட்டைப் பட்டினி போட்டால், அதுவும் வயித்தில் இரட்டை இருந்தால், தன் உடம்புக் கொழுப்பையே கரைத்து நஞ்சாகி, தீவனம் எடுக்காமல் தலையைச் சாய்த்துப் படுத்துச் செத்துப் போகும். நாம் "ஏதோ காத்து கருப்பு" என்று சொல்லிப் புதைக்கிறோம். அந்த 45 நாளும் 250 கிராம் வேண்டும். ஈன்ற பிறகு ஒரு மாதம் 300 கிராம் கொடுத்தால் மடி நிறையும். குட்டி முதல் மணி நேரத்திலேயே சீம்பால் குடிக்கும், மூணாம் மாசம் சந்தையில் நிற்கும்போது தெரியும்.

கணக்குப் போடுங்கள். சேர்க்கைக்கு முப்பது நாள், சினைக்கு 45 நாள், பாலுக்கு முப்பது நாள்: மொத்தம் சுமார் 26 கிலோ. ஒரு ஈத்துக்கு அரைமூட்டை! தாது உப்பு தினம் 10 கிராம் என்றாலும் வருஷத்துக்கு நாலு கிலோ வராது. உப்பும் தாதுவும் குறைந்தால் பருவம் தள்ளிப்போகும், சினை பிடிக்காது.

அகத்தி, கல்யாண முருங்கை, சூபாபுல் குழை ஒடித்துப் போட்டால் புண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம். சூபாபுல் மட்டும் மூணில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. ஆனால் குழைக்கு மரம் எங்கே, மரத்துக்கு நிலம் எங்கே?

இனி அரசின் கையைப் பாருங்கள். 2011-ல் நாலு ஆடு விலையில்லாமல் கொடுத்தார்கள். 2021-22-ல் ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்கு ஐந்து ஐந்து ஆடு. நல்ல காரியம்தான். ஆடு வந்தது, அது வருஷம் பூரா தின்ன என்ன வந்தது? அந்தப் பக்கம் மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கமோ 100 பெட்டை, 5 கிடா வைத்தால் 10 லட்சம் வரை, 500 பெட்டை, 25 கிடா வைத்தால் 50 லட்சம் வரை மானியம் என்கிறது. பீடி சுத்திக்கிட்டே அஞ்சு ஆடு மேய்க்கிற நம்ம அக்கா நூறு பெட்டைக்கு எங்கே போவாள்? அவளுக்குத் தேவை வருஷத்துக்கு மூணு மூட்டைதான்! 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடு. அதில் பெரும்பாலானது பண்ணையில் இல்லை, நம்ம வீட்டுக் கொல்லையில் நிற்குது.

பசுவுக்கும் எருமைக்கும் பால் சங்கம் இருக்கு. ஆட்டுப் பாலை எடுக்க எவனும் இல்லை. அது குட்டி வயித்துக்குத்தான் போகுது, கறியாக வருது. சந்தையில் எடை போடாமல் கண்ணால் பார்த்தே விலை சொல்லுகிற வியாபாரிக்கு அந்தக் கறி தெரியும். அதிகாரிகளுக்குத் தெரியவில்லை!

ஆகவே நாங்கள் கேட்பது: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் தாது உப்பும் புண்ணாக்கும் பாதி விலைக்குக் கொடு. பத்து ஆட்டுக்குள் வைத்திருப்போருக்கு முதலில் கொடு. கோடை முடிவதற்குள் கொடு, சினை ஆடு செத்த பிறகு வேண்டாம். குளத்துக் கரை, புறம்போக்கில் தீவன மரம் வைக்க ஊராட்சிக்கு அனுமதி கொடு, வெட்டும் உரிமை ஆடு வைத்திருப்போருக்கே வேண்டும்.

தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஆளுக்கொரு மனுவோடு வாருங்கள். மனுவில் உங்க ஆட்டு எண்ணிக்கை, இந்த வருஷம் செத்த குட்டி எத்தனை, இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.